எட்டுச் சொட்டு எண்ணெய்

இரண்டே பேர் அமரக்கூடிய ஒரு சிறு விமானம் 8000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. சக்கரங்கள் மடங்கி வயிற்றுக்குள் போய் வெகுநேரமாகிவிட்டது. தரையிறங்கும்வரை அவற்றுக்கு வேலை இல்லை. ஆனாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே எங்கோ ஒரு மின்மோட்டார் உறுமி, ஒரு விநாடிக்குள் அடங்குகிறது. கருவிப் பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்து அணைகிறது. சக்கரங்களைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ராலிக் பம்ப் அது. அழுத்தம் குறைந்ததும் விழித்துக்கொண்டு, குறைந்ததை ஈடுகட்டிவிட்டு மறுபடி ஓய்கிறது.

விமானி கடிகாரத்தைப் பார்க்கிறார். போன வாரம் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிய பம்ப் இன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. எண்ணெய் எங்கோ போகிறது. எங்கே? கீழே ஒழுகியதற்கு அடையாளமே இல்லை. இந்த விமானம் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் இல்லை. ஓட்டுகிறவர் தன் வீட்டுக் கொட்டகையில் தானே கட்டியது. குழாயை வெட்டியவரும் வளைத்தவரும் மூட்டியவரும் அவர்தான். கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரேதான்.

அமெரிக்காவில் இப்படி விமானம் கட்டுகிறவர்கள் ஒரு பெருங்கூட்டம். பால் போபரெஸ்னி என்பவர் 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இன்று அவர்களின் தாய்வீடு. அதன் ஆண்டு விழா அதே மாநிலத்தின் ஆஷ்காஷ் ஊரில் 1970 முதல் நடந்துவருகிறது. கட்டுமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனிநபர்களே செய்திருந்தால், அந்த விமானத்துக்கு அரசு 'சோதனை' வகையில் பறக்கும் சான்று தரும். பேச்சு வழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். கட்டியவர் விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்தை மட்டும் ஆண்டுதோறும் சோதித்துக் கையெழுத்திடும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும்.

இவற்றுள் வேகமானவை மடங்கு சக்கர விமானங்கள். ஒரெகன் மாநிலத்தின் ரெட்மண்ட் ஊரிலிருந்து உதிரித் தொகுப்புகளாக வந்த லான்சேர் 320, 360 மாதிரிகள் பெயர் பெற்றவை. சக்கரத்தை மேலே பிடித்துவைக்க இவற்றில் கொக்கி கிடையாது, பூட்டு கிடையாது. சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் மட்டும்தான் பிடித்திருக்கிறது. தொழிற்சாலையில் கட்டப்பட்ட பைப்பர் ஆரோவிலும் இதே ஏற்பாடுதான். அழுத்தம் போனால் சக்கரம் தானே கீழே வரும் என்பது இதிலுள்ள பாதுகாப்பு. பறக்கும் நேரமெல்லாம் அழுத்தத்தைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்குத் தரும் விலை. என்னைக் கேட்டால், கொடுக்கத் தகுந்த விலை அது. வானத்தில் பழுதாகிற எந்த ஏற்பாடும், பழுதாகும்போது சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டுப் பழுதாவதுதான் நல்லது.

இனி எண்ணெயைப் பார்ப்போம். பம்ப் எழுப்பும் அழுத்தம் ஏறக்குறைய 1000 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கார் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பிஎஸ்ஐ. ஒரு அங்குல விட்டமுள்ள பிஸ்டன் மீது இந்த 1000 பிஎஸ்ஐ விழுந்தால், அது 350 கிலோவுக்கு மேல் தள்ளும். பெரிய பயணிகள் விமானங்களில் வழக்கமான அளவு 3000 பிஎஸ்ஐ. ஏர்பஸ் ஏ380இல் 5000. அவற்றோடு ஒப்பிட்டால் வீட்டில் கட்டிய விமானத்தின் அழுத்தம் சிறியது. ஆனால் இயற்பியல் ஒன்றுதான்.

அடைபட்ட திரவத்தின் ஒரு மூலையில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிளேஸ் பாஸ்கல் எழுதிவைத்த நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. அதை ஓர் எந்திரமாக்கியவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. நீரழுத்தத்தால் இயங்கும் அச்சுக்கு அவர் காப்புரிமை பெற்றது 1795இல். சிறிய பிஸ்டனை நெடுந்தொலைவு தள்ளினால் பெரிய பிஸ்டன் சிறிது தொலைவு பெரும் விசையோடு நகரும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. பாடத்தில் வராத ஒன்று உண்டு. அழுத்தத்தை உண்டாக்க எவ்வளவு எண்ணெய் வேண்டும்?

திரவத்தை அமுக்க முடியாது என்று சொல்லிப் பழகிவிட்டோம். முடியும், மிகக் கொஞ்சம். விமான ஹைட்ராலிக் எண்ணெயின் அமுங்காத் தன்மை 2 லட்சம் பிஎஸ்ஐ அளவில் இருக்கிறது. 1000 பிஎஸ்ஐ கொடுத்தால் அதன் கன அளவு இருநூறில் ஒரு பங்கு, அதாவது அரை சதவீதம் மட்டுமே சுருங்கும் என்று பொருள். சக்கரங்களை மேலே பிடித்திருக்கும் பக்கத்தில் குழாயும் சிலிண்டரும் சேர்ந்து 400 மில்லிலிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். அரை சதவீதம் என்றால் 2 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கணக்கிட்டால், 1000 பிஎஸ்ஐ என்பது 40 சொட்டு. அந்த நாற்பதும் வெளியேறிவிட்டால் 1000 பிஎஸ்ஐயில் ஒன்றும் மிஞ்சாது. குழாயில் மீதி 398 மில்லிலிட்டர் நிரம்பியிருக்கும். அளவுகோலில் முள் மட்டும் பூஜ்யத்தில் கிடக்கும்.

பம்பை ஓட்டி நிறுத்துவது ஒரு பிரஷர் ஸ்விட்ச். அழுத்தம் 1000ஐத் தொட்டதும் நிறுத்தி, 800க்கு இறங்கியதும் மறுபடி ஓட்டும்படி அது அமைந்திருந்தால், இடையிலுள்ள 200 பிஎஸ்ஐக்கு எட்டுச் சொட்டு. ரப்பர் ஹோஸ்களும் குழாய்களும் அழுத்தத்தில் சற்று விரிந்து கொடுக்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் ஏறத்தாழ அளவு இதுதான். எட்டுச் சொட்டுப் போனால் மோட்டார் ஓடும். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்றால், நிமிடத்துக்கு இரண்டு சொட்டு எங்கோ நழுவுகிறது. பம்ப் ஓடும் இடைவெளியே கசிவின் அளவைச் சொல்லிவிடுகிறது. அளவுகோலைவிடக் கடிகாரம் இங்கே நம்பகமான கருவி.

ஆனால் அந்தச் சொட்டுகள் உண்மையிலேயே எங்கும் போகாமலும் இருக்கலாம்.

எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு அதன் கன அளவு ஏறத்தாழ பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு குறையும். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் குழாயும் சுருங்கும். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தை மேலே சொன்ன 2 லட்சத்தோடு பெருக்கிப் பார்த்தால், ஒரு டிகிரி குளிர்ச்சிக்கு 140 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இறங்க வேண்டும் என்று வருகிறது. ஒரு டிகிரி! வளிமண்டலத்தில் ஆயிரம் அடி ஏற ஏற வெப்பநிலை சுமார் இரண்டு டிகிரி குறைகிறது. 8000 அடி ஏறிய விமானம் பதினாறு டிகிரி குளிர்ச்சிக்குள் வந்துவிட்டது. அதன் குழாய்களில் எந்தக் கசிவும் இல்லாவிட்டாலும், எண்ணெய் குளிர்ந்து முடியும்வரை பம்ப் மறுபடி மறுபடி ஓடத்தான் செய்யும். ஏறும்போது பம்ப் அடிக்கடி ஓடியதைக் கண்டு பயந்து, நல்ல நிலையில் இருக்கும் சிலிண்டரைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. கழற்றிய இடத்தில் தூசி நுழைந்தால், இல்லாத பழுது அன்றைக்குப் பிறக்கும்.

குளிர்ச்சியையும் கசிவையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி. உயரத்தை மாற்றாமல் சமமாகப் பறந்துகொண்டே, பம்ப் ஓடும் நேரங்களை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். குளிர்ச்சிதான் காரணமென்றால் இடைவெளி நீண்டுகொண்டே போகும். எண்ணெய் வெளிக்காற்றின் வெப்பநிலையை எட்டியதும் பம்ப் அநேகமாக ஓய்ந்துவிடும். கசிவென்றால் அரை மணி நேரத்துக்குப் பின்னும் இடைவெளி மாறாது. எந்தப் பாகத்தையும் தொடாமல், வெறும் பென்சிலும் கடிகாரமும் கொண்டு பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது.

இதே கணக்கு வெயிலில் தலைகீழாக வேலை செய்யும். தரையிறங்கிய விமானம் கோடைக்கால ஓடுதளத்தில் நிற்கிறது. சக்கரத்தைக் கீழே தள்ளும் 'கீழே' பக்கத்துக் குழாயில் எண்ணெய் அடைபட்டிருக்கிறது. வெயில் பட்டு அது சூடேற, பம்ப் ஓடாமலே அழுத்தம் டிகிரிக்கு நூறு பிஎஸ்ஐக்கு மேல் ஏறத் தொடங்குகிறது. அப்படியே விட்டால் ஏதாவது ஒரு மூட்டு பிதுங்கும். அதனால்தான் இத்தகைய அமைப்புகளில், வெப்பத்தால் விரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பம்பின் தொட்டிக்குத் திருப்பிவிடும் ஒரு ரிலீஃப் வால்வு இருக்க வேண்டும். மதியம் நிறுத்திவைத்த விமானத்தில் மாலையில் முள் மிக உயர்ந்து நின்றால், பார்க்க வேண்டியது அந்த வால்வை.

எழுதிய நேரங்கள் கசிவு என்றே சொல்லிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இனி விமானத்தை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களை மடக்கி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முள் இறங்கும் வேகத்தைக் கொட்டகையில் பார்க்கலாம். இதைக் காலையில், கதவை மூடிவைத்துச் செய்ய வேண்டும். நடுவில் கதவைத் திறந்து வெயில் உள்ளே வந்து குழாய் இரண்டு டிகிரி சூடானால், கசியும் குழாயிலும் முள் ஏறக் கூடும்.

எண்ணெய் வெளியே போகிறதா, உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறதா என்பது முதல் பிரிவினை. வெளிக்கசிவைக் காண்பது எளிது. விமானங்களில் பல காலமாகப் புழங்கும் மில்-எச்-5606 என்ற கனிம எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள். வெள்ளைத் துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்துப் பார்த்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். காரின் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சிவப்புதான் என்பதால், தொட்டியில் ஊற்றும்போது மட்டும் நிறத்தை நம்பக் கூடாது. டப்பாவின் எண்ணைப் படிக்க வேண்டும். பெரிய ஜெட் விமானங்களின் ஊதா நிற எண்ணெய் இந்த விமானத்தின் நைட்ரைல் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். கார் பிரேக் எண்ணெயும் ஆகாது.

வீட்டில் கட்டிய விமானத்துக்கே உரிய ஒரு வெளிக்கசிவு உண்டு. குழாயின் வாயைப் புனல்போல் விரித்து மூட்டும்போது, விமானத் தரத்தில் அந்தக் கோணம் 37 டிகிரி. கார் பட்டறைகளில் கிடைக்கும் சாதாரண விரிப்பான் 45 டிகிரியில் விரிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நட்டும் ஏறும். ஆனால் முழு வளையமாகப் பொருந்த வேண்டிய இடம் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். சொட்டு கண்டதும் இன்னும் இறுக்குவார்கள். மென்மையான அலுமினியம் நசுங்கி மெலிந்துபோகும். இறுக்குவதால் குணமாகாத கசிவு கண்டால், குழாயைக் கழற்றி அதன் வாயைப் பார்ப்பதே முறை. இங்கே ஓர் எச்சரிக்கை. அழுத்தம் இருக்கும்போது விரலால் தடவிக் கசிவைத் தேடக் கூடாது. ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழியும். அது உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய காயம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும்.

துணி எங்கும் சிவக்கவில்லை என்றால் கசிவு உள்ளே இருக்கிறது. ஒரு சிலிண்டரில் பிஸ்டனுக்கு இரண்டு பக்கம். ஒன்று 'மேலே' பக்கம், மற்றது 'கீழே' பக்கம். சக்கரம் மடங்கியிருக்கும்போது முதல் பக்கத்தில் 1000 பிஎஸ்ஐ; மறுபக்கம் தொட்டியோடு சேர்ந்து கிடக்கும், அழுத்தமே இல்லை. இரண்டையும் பிரிப்பது பிஸ்டனின் இடுப்பில் கிடக்கும் ஒரு ரப்பர் வளையம். ஓ-ரிங்.

இந்த வளையத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பிராமாவின் அச்சு முதலில் சரியாக வேலை செய்யவில்லை. அழுத்தம் ஏற ஏறப் பிஸ்டனைச் சுற்றி நீர் பீறிட்டது. இறுக்கினால் பிஸ்டன் நகரவில்லை, தளர்த்தினால் ஒழுகியது. அதைத் தீர்த்தது கிண்ணம்போல் மடித்த தோல் வளையம் ஒன்று. நீரின் அழுத்தமே கிண்ணத்தின் விளிம்பை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் கூடக் கூடப் பிடியும் கூடும். அழுத்தம் போனால் பிடியும் தளரும். பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை அது என்று சொல்லப்படுகிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல், தன் எழுபதுகளில், ஓ-ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1939இல் கிடைத்தது. தோல் கிண்ணத்தின் அதே அறிவு, இன்னும் எளிய வடிவில். காடியில் கிடக்கும் வளையத்தை எண்ணெய் ஒரு பக்கமாக நெருக்குகிறது. வளையம் நசுங்கி இடுக்கை அடைக்கிறது. தப்பிக்கப் பார்க்கும் எண்ணெயே தன் வழியை மூடிக்கொள்கிறது. சில காசு விலையுள்ள பொருளில் இவ்வளவு நுட்பம் இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் இந்த ஏற்பாடு தொடங்குவதற்கு, எண்ணெய் வந்து நெருக்கும் முன்பே வளையம் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல ஆண்டு ஓடித் தேய்ந்தோ, சூட்டில் கடினமாகியோ அந்த முதல் தொடுகை தளர்ந்துபோன வளையம் விசித்திரமாக நடந்துகொள்ளும். 1000 பிஎஸ்ஐயில் பிடித்துக்கொள்ளும், 200இல் நழுவவிடும். பம்ப் வேகமாக அழுத்தம் ஏற்றினால் தாங்கும். மெல்ல ஏறினால் ஏறவே விடாது. குளிரில் ரப்பர் விறைப்பதால், கொட்டகையில் ஒழுங்காக இருந்தது உயரத்தில் கசியும். 'தரையில் நன்றாகத்தானே இருந்தது' என்ற குழப்பத்துக்குப் பல நேரம் இதுதான் விடை.

மூன்று சிலிண்டர்களில் எந்த வளையம் போயிருக்கிறது என்று காண, சிலிண்டர்களைப் பிரிக்க வேண்டியதில்லை. சக்கரங்களை மடக்கி அழுத்தம் ஏற்றியபின், ஒவ்வொரு சிலிண்டரிலும் 'கீழே' பக்கத்துக் குழாயை மட்டும் கழற்றி, சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே ஒரு கிண்ணம் வைக்கலாம். தேங்கிய எண்ணெய் முதலில் கொஞ்சம் வழியும். பிறகு காய்ந்துவிட வேண்டும். தொடர்ந்து சொட்டினால் குற்றவாளி அந்தப் பிஸ்டனின் வளையம். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி, பறந்தபோது கடிகாரம் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் வேறு கசிவு இல்லை. வானத்தில் இரண்டு, கிண்ணத்தில் அரை என்றால் இன்னொரு கசிவு எங்கோ ஒளிந்திருக்கிறது. அழுத்தம் போனால் சக்கரம் விழும் என்பதை மறந்து அதன் பாதையில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது.

மூன்று வாயும் காய்ந்தே இருந்தால் சிலிண்டர்கள் நிரபராதிகள். மிஞ்சுவது, எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும், பம்புக்குள் இருக்கும் செக் வால்வும், அவசரகால டம்ப் வால்வும். டம்ப் வால்வு என்பது 'மேலே', 'கீழே' இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் ஒரு குழாய்த் திருகு. பம்ப் செத்துப்போனால் விமானி அதைத் திறப்பார். அழுத்தம் சமமாகி, சக்கரங்கள் தம் எடையால் இறங்கும். முன்சக்கரம் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னோக்கி இறங்க வேண்டியிருப்பதால், அதற்கு உதவ ஒரு வாயு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். இந்த டம்ப் வால்வு ஒரு மயிரிழை மூடாமல் இருந்தாலும் எட்டுச் சொட்டு நிமிடங்களில் போய்விடும். அதன் குழாய்களைக் கழற்றி இரு முனைகளிலும் மூடி போட்டு மறுபடி அழுத்தம் ஏற்றினால், கசிவு நின்றதா தொடர்கிறதா என்பதிலிருந்து வால்வா, பம்பா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மூடியும் சந்தேகப் பட்டியலைப் பாதியாக்குகிறது. மூன்று நான்கு மூடிகளில் எந்தப் பழுதும் தனியே வந்து நிற்கும்.

செக் வால்வு கசிவதற்கு அநேகமாக ஒரே காரணம் குப்பை. நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். செக் வால்வின் குண்டு உட்காரும் இருக்கையில் அதைவிடச் சிறிய துணுக்கு சிக்கினாலும் அடைப்பு முழுமையாகாது. வீட்டுக் கட்டுமானத்தில் துணுக்கு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. குழாயை அறுத்தபின் உள்விளிம்பைச் சீவிக் கழுவாமல் விட்ட அலுமினியத் தூள். மூட்டு கசியாதிருக்கட்டும் என்று மரையில் சுற்றிய வெள்ளை டெஃப்லான் டேப்பின் நைந்த இழை. புனல்வாய் மூட்டில் அந்த டேப்புக்கு வேலையே இல்லை. அடைப்பது உலோகத்தோடு உலோகம் தொடும் இடம்தான், மரை அல்ல. நல்லெண்ணத்தோடு சுற்றியது உதிர்ந்து, மிதந்து, பம்பின் வால்வில் போய் உட்காரும். பம்பை மாற்றினாலும் மறுபடி வரும். இந்தப் பழுது வந்தால் பம்பைக் குறைசொல்வது வழக்கம். புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டிய பிறகு, நாலு வாரத்தில் அதே உறுமல். கழுவ வேண்டியது குழாய்களை.

அழுத்தம் எழவே இல்லை என்பது வேறு வகைப் பழுது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் ஓடவில்லையா, ஓடியும் அழுத்தம் வரவில்லையா என்று காது சொல்லும். ஓடவில்லை என்றால் பேட்டரி, ரிலே, பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடியும் முள் ஏறவில்லை என்றால் அம்மீட்டரைப் பார்க்கலாம். பம்ப் உண்மையிலேயே அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். முள் கீழே, மின்னோட்டம் மேலே என்றால் அழுத்தம் இருக்கிறது. அளவுகோல் பொய் சொல்கிறது. யூஜின் போர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற, அழுத்தத்தால் நிமிரும் வளைந்த குழாய்தான் இன்றும் பல அளவுகோல்களின் இதயம். அதிர்வில் அது களைத்துப்போகும். இன்னொரு அளவுகோலைப் பூட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை. இரண்டுமே கீழே என்றால் எண்ணெய் சுலபமான வழியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொட்டி காலியாக இருக்கலாம், டம்ப் வால்வு திறந்தே கிடக்கலாம், ரிலீஃப் வால்வில் குப்பை இருக்கலாம்.

காற்றுக் குமிழியைப் பற்றியும் ஒரு சொல். குழாயில் காற்று இருந்தால் சக்கரம் திக்கித் திக்கி நகரும். அழுத்தம் எழத் தாமதமாகும். ஆனால் பம்ப் அடிக்கடி ஓடுவதற்குக் காற்றைக் குறைசொல்வது பெரும்பாலும் தவறு. சாதாரணக் காற்றில் 4 மில்லிலிட்டராக இருந்த குமிழி 1000 பிஎஸ்ஐயில் ஒரு சொட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த நிலையில் அது கெடுப்பதும் இல்லை, காப்பதும் இல்லை. காக்க வேண்டுமானால் வாயுவை முன்கூட்டியே அழுத்தி வைக்க வேண்டும். அதுதான் அக்யுமுலேட்டர். 100 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள ஒன்றில் 500 பிஎஸ்ஐ அளவுக்கு நைட்ரஜன் நிரப்பி அமைப்போடு சேர்த்தால், அழுத்தம் 1000இலிருந்து 800க்கு இறங்குவதற்குள் அது 12 மில்லிலிட்டருக்கு மேல் எண்ணெயைத் திருப்பித் தரும். எட்டுச் சொட்டாக இருந்த கையிருப்பு இப்போது ஏறத்தாழ 250 சொட்டு. பதினாறு டிகிரி குளிர்ச்சியால் 400 மில்லிலிட்டர் எண்ணெய் சுருங்குவதோ நாலரை மில்லிலிட்டர்தான். அதை இது ஓசையின்றி ஈடுகட்டிவிடும்.

கட்டுகிறவர்கள் சிலர் இதைச் சேர்த்திருக்கிறார்கள், நல்ல சேர்க்கைதான். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு சேர்த்தால் மட்டும். முன்பே சேர்த்தால், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை உறுமி எச்சரித்த பம்ப் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பேசும். தேய்ந்த வளையம் தேய்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, டம்ப் வால்வைத் திறக்கும்போது சேமிப்பிலுள்ள எண்ணெயும் சேர்ந்து வெளியேற வேண்டும். ஆகவே அக்யுமுலேட்டர் பூட்டியபின் அவசர இறக்கத்துக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை மறுபடி அளந்தாக வேண்டும்.

பழுது தீர்ந்ததென்று கொட்டகையில் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடாது. ஜாக்கியில் நிற்கும் விமானத்தின் சக்கரத்தின் மீது காற்று மோதுவதில்லை, எண்ணெய் குளிர்வதில்லை. முதலில் தரையில் பலமுறை மடக்கி விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த நேரத்தையும் மின்னோட்டத்தையும் எழுத வேண்டும். பம்பைத் துண்டித்துவிட்டு டம்ப் வால்வால் மட்டும் மூன்று சக்கரங்களும் இறங்கிப் பூட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓடுதளத்துக்கு அருகிலேயே, பாதுகாப்பான உயரத்தில், வேகத்தைக் குறைத்து அதையே காற்றில் செய்துபார்க்க வேண்டும். வாயு ஸ்பிரிங் வயதாகி வலுவிழந்திருந்தால் கொட்டகையில் தெரியாது. எதிர்க்காற்றில் முன்சக்கரம் பாதியில் நிற்கும்போதுதான் தெரியும். கடைசியாக ஒரு நீண்ட பறத்தல்: 8000 அடிக்கு ஏறி, அரை மணி நேரம் சமமாகப் பறந்து, பம்ப் ஓடும் இடைவெளிகளை வரிசையாக எழுதி, அந்த எண்களை விமானத்தின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டுச் சோதனையில், அதே உயரத்திலும் ஏறக்குறைய அதே குளிரிலும் எடுத்த எண்களை அவற்றுக்குப் பக்கத்தில் எழுதினால், வளையங்கள் எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்பது கசிவு தொல்லையாக மாறுவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.